இல்லை என்பதும் ஓர் அளவை

மாட்டுப் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் நின்றேன். பிசானத்துக்குத் திறந்துவிட்ட மடையில் தண்ணீர் சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டு, வலசை வாத்துகள் வந்து இறங்கியிருக்கும் என்று நம்பித்தான் போயிருந்தேன். ஒரு மணி நேரம் நின்றும் கண்ணில் பட்டவை நான்கு மடையான், இரண்டு நீர்க்காகம், மின்கம்பியில் ஒரு கரிச்சான், உடைமரத்தில் சில மைனா, மற்றபடி காக்கைகள். வாத்து ஒன்றுகூட இல்லை. முக்குளிப்பானும் இல்லை. கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பிவிட்டேன். பட்டியலை அனுப்பவில்லை. அனுப்ப என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மத்தியானம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். எங்கள் பக்கத்துப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை ஒருங்கிணைப்பவள் அவள்தான்.

“ஐயா, உங்க குளத்துக் கணக்கு இன்னும் வரலியே?”

“ஒண்ணும் இல்லம்மா. காக்காயும் மைனாவும்தான்.”

“அதைத்தான் ஐயா எழுதணும். நீங்க எழுதலைன்னா, குளத்துல வாத்து இல்லையா, இல்ல நீங்க குளத்துக்கே போகலையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

முப்பத்தொரு வருஷம் தமிழாசிரியனாக இருந்தவன் நான். அவள் கேட்டது எனக்குப் புதிய கேள்வியாக இருந்திருக்கக் கூடாது. அன்று இரவு மணிமேகலையை எடுத்துச் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையைப் பிரித்தேன். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியையும் போய்க் கேட்கிறாள். முதலில் பேசும் வைதிகவாதி, அறிவு நமக்கு வந்து சேரும் வழிகளாகிய அளவைகள் பத்து என்று அடுக்குகிறான். காட்சியும் கருதலும் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வன. அந்தப் பத்துக்குள் அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓர் இடத்தில் இல்லை என்று அறிவதும் அறிவே என்பது அதன் பொருள். அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரின் அளவையில் அபாவத்தைச் சொல்லிவிட்டுத்தான், எல்லா அளவைகளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். வகுப்பில் இதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ‘இந்த அறையில் யானை இல்லை’ என்று உதாரணம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். இல்லாத ஒன்றைத் தனியாக ஏன் ஓர் அளவையாக வைத்தார்கள் என்று நான் நின்று யோசித்ததில்லை.

பறவைக் கணக்கு அதை யோசிக்க வைத்தது. ஈபேர்ட் என்னும் தளத்தை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கின. நம் ஊர்க் குளக்கரைப் பட்டியல்களும் இன்று அதில்தான் சேர்கின்றன. பட்டியலை அனுப்பும் முன் அது ஒரு கேள்வி கேட்கும். அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா என்பது அதன் சாரம். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் அது முழுப் பட்டியல். நான் எழுதிய ஐந்து பெயர்களோடு, எழுதாத நூற்றுக்கணக்கான பெயர்களும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன, இன்மையாக. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. அவற்றில் 178 இனங்கள் உடனடிக் கவனம் வேண்டுபவை என்றது. ஓர் இனம் பெருகுகிறதா குறைகிறதா என்று எப்படிக் கண்டார்கள்? முழுப் பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனையில் அந்தப் பறவை இருக்கிறது என்று ஆண்டு வாரியாகப் பார்த்தார்கள். அந்தப் பறவை இல்லாத பட்டியல்கள் வராவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. காக்கை மட்டும் கண்டவர்கள் எல்லாம் என்னைப் போலக் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், நாடு முழுவதும் வாத்து நிறைந்திருப்பதாகத்தான் கணக்கு சொல்லும்.

ஆனால் ‘இல்லை’ என்று எப்போது சொல்லலாம்? இந்தக் கேள்வியில் நம் பழைய தருக்கவாதிகள் மிகக் கறாரானவர்கள். இன்மையைத் தனி அளவையாக நிலைநாட்டியவர் மீமாம்சகரான குமாரில பட்டர். அந்த மரபு ஒரு நிபந்தனை வைக்கிறது. அங்கே இருந்திருந்தால் கண்டிருப்பேன் என்று சொல்லத்தக்க நிலையில்தான், காணவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்றால் குடம் இல்லை என்று ஆகாது. விளக்கு வேண்டும், கண் வேண்டும், அந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இன்றைய சூழலியலாளர்கள், எத்தனை நிமிஷம் நின்றாய், எத்தனை கிலோமீட்டர் நடந்தாய், உன்னோடு எத்தனை பேர் என்று கேட்டு வாங்குவது இதே விளக்கைத்தான். நான் குளக்கரையில் நின்ற அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ‘இல்லை’ என்று சொல்லும் தகுதியை அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் தந்திருந்தது.

நியாய மரபில் வந்த உதயணர் இதே நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டுதான், கடவுளைக் காணவில்லை என்பதால் கடவுள் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்று வாதிட்டார். காட்சிக்கு உட்படாத பொருளை, காணாததைக் கொண்டு மறுக்க முடியாது. நான் தினமும் திருநீறு பூசுபவன். அந்த வாதத்தில் எனக்கு மனநிறைவு உண்டு. ஆனால் வாத்தும் வல்லூறும் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள். உதயணர் கடவுளுக்குத் தந்த பாதுகாப்பை நாம் பறவைக்குத் தர முடியாது. நம்பிக்கையால் ஒரு பறவையைக் குளத்தில் இருத்த முடியாது.

இதை நான் கற்றது என் தவறு ஒன்றால். சத்திமுத்தப் புலவர் பாடிய செங்கால் நாரைப் பாட்டை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்! அந்தப் பறவையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நான்கு வருஷத்துக்கு முன் கூந்தன்குளத்தில், வெயில் ஏறி நீர்ப்பரப்பு மினுங்கிக்கொண்டிருந்த நேரம், தூரத்தில் வெண்ணிற நாரை ஒன்று நின்றது. இறகு நுனியில் கறுப்பு. கால்களில் சிவப்பு தெரிந்தது போலிருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. ‘செங்கால் நாரை, ஒன்று’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: அலகு என்ன நிறம்? இரு அலகுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்ததா?

பேரன் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு மங்கிய சாம்பல். நடுவே தெளிவாக ஓர் இடைவெளி. நான் கண்டது நத்தைக்குத்தி நாரை. அந்த இடைவெளி கொண்ட அலகால் நத்தையைப் பிடித்துத் தின்பது. நம் குளங்களில் எப்போதும் காண்பதுதான். என்னை உறுத்தியது வேறொன்று. சத்திமுத்தப் புலவர் அந்த நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டு, பவள நிறத்தையும் சொல்லியிருக்கிறார். தன்னார்வலர் கேட்ட கேள்விக்குப் புலவர் எப்போதோ பதில் எழுதி வைத்துவிட்டார். பசியோடு ஊர்விட்டு ஊர் வந்து குளிரில் கிடந்தவர் அலகின் நிறத்தைக் கவனித்திருக்கிறார். அவர் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த நான் கவனிக்கவில்லை. பதிவைத் திருத்தினேன். இன்றுவரை நான் செங்கால் நாரையைக் கண்டதில்லை.

ஆசை ஒரு பறவையை உண்டாக்கிவிடுவது போல, ஊர்ப்பேச்சு ஒன்றை இல்லாமலாக்கியும் விடும். செல்போன் கோபுரம் வந்து சிட்டுக்குருவியே அற்றுப்போய்விட்டது என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. நான் ஒரு நிமிஷம்கூட எண்ணிப் பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தேன்.

உண்மையிலேயே இல்லாமல் போனது வேறு ஒன்று. திருக்கழுக்குன்றத்துக்குச் சிறுவனாக அப்பாவோடு போயிருக்கிறேன். உச்சிப்பொழுதில் பண்டாரம் பாறையில் உட்கார்ந்து சோற்றோடு காத்திருப்பார். வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் இறங்கி வரும். ஊர் அவற்றைக் கழுகு என்றது. சாபம் பெற்ற முனிவர்கள் என்றும் சொன்னது. அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இனம். 1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றுபோனது. பணி ஓய்வுக்குப் பின் ஒருமுறை மலையேறி, கடைசியாக எப்போது வந்தன என்று விசாரித்தேன். ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள். ‘கலி முற்றிவிட்டது’ என்றார் ஒரு பெரியவர். இத்தனை தலைமுறையாக ஆயிரக்கணக்கான கண்கள் அந்தப் பாறையைப் பார்த்திருக்கின்றன. வந்த நாள் எல்லாம் தரிசனம் ஆனது. வராத நாளை எழுதி வைத்த ஒருவரையும் நான் காணவில்லை.

அதே காலத்தில் வடக்கே பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் பாறுக் கழுகுகளை எண்ணினார். 1980களில் எண்ணிய கணக்கு இருந்ததால், 1990களில் மீண்டும் எண்ணியபோது வீழ்ச்சி கண்ணில் அறைந்தது. காரணம் கால்நடைகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலிமருந்து என்று 2004இல் நிறுவப்பட்டது. மருந்து போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006இல் அந்த மருந்தை மாட்டுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. வெண்முதுகுப் பாறு அதற்குள் நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டிருந்தது. எண்ணி வைத்தவர் இல்லையென்றால் அங்கேயும் கலியின் மேல் பழியைப் போட்டுவிட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்போம். எண்ணிக்கை பக்திக்கு எதிரானது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். சடாயுவுக்குக் கோயில் வைத்திருக்கும் நாம் சடாயுவின் குலத்தை எண்ணாமல் இருந்தது பக்திக் குறைவு.

நாம் அனுப்பும் பறவைக் கணக்குகள் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து கிடப்பவை. கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட ஜிபிஐஎஃப் என்னும் உலகக் களஞ்சியத்தில் 200 கோடிக்கும் மேற்பட்ட உயிர்ப் பதிவுகள் இருக்கின்றன. யார் உண்பார் என்று கேளாமல் போடும் அன்னதானம் போன்றது அது. ஒன்றை மட்டும் மறைக்கிறார்கள். வேட்டைக்கும் களவுக்கும் எளிதில் இரையாகும் இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை. அது பொய் ஆகாதா என்று மாணவி கேட்டாள். வாய்மைக்கு வள்ளுவர் வகுத்த இலக்கணத்தை நினைவுபடுத்தினேன். தீமை பயக்காத சொல்லே வாய்மை என்றுதான் அவர் அதிகாரத்தைத் தொடங்குகிறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் காலையில் ஒரு பதினைந்து நிமிஷம் குளக்கரைக்கோ கண்மாய்க்கோ வீட்டு மொட்டைமாடிக்கோ போய் நில்லுங்கள். கண்டதையெல்லாம் எண்ணி எழுதுங்கள். சந்தேகமான பறவையை விட்டுவிடுங்கள். காக்கை மட்டும்தான் இருந்தது என்றாலும் அந்தப் பட்டியலை அனுப்பிவிடுங்கள்.