இரண்டு வருஷந்தானே

1948ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், பாபநாசத்தை அடுத்துக் குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் கிராமத்தை விட்டுப் பல்லாரி ஜில்லா ஹொஸபேட்டைக்கு நாங்கள் குடும்பத்தோடு புறப்பட்டபோது, அம்மா கட்டிக்கொண்டு வந்த மூன்று டிரங்குப் பெட்டிகளுள் ஒன்று, 1950இல் அதே கிராமத்துத் திண்ணைக்குத் திரும்பி வந்து சேரும் வரையில் திறக்கப்படவே இல்லை. அவளுடைய தாய்வீட்டுச் சீதனமாக வந்த குத்துவிளக்கு ஒரு ஜோடி, கூறைப்புடவை, பல்லாங்குழி, கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோப் படம், இவையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. “இரண்டு வருஷந்தானே, பிரித்தால் மறுபடி கட்ட வேண்டாமா?” என்பாள். இன்று யோசிக்கும்போது, நான் வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியதே அந்தப் பெட்டியின் பூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது.

அப்பா மராமத்து இலாகாவில் ஓவர்சியர். துங்கபத்திரை அணைக்கட்டு வேலைக்கு அவரை இரண்டு வருஷத்துக்கு மாற்றியிருந்தார்கள். மழை ஒரு பருவம் பொய்த்தால் பஞ்சம் நிச்சயம் என்றிருந்த அந்தச் சீமைக்கு, 1800இல் நிஜாம் கும்பெனியாருக்குக் கொடுத்துவிட்டதால் தத்த மண்டலம் என்று பெயர் பெற்ற அந்தச் சீமைக்கு, துங்கபத்திரையைத் தேக்கிப் பாசனம் கொடுக்க வேண்டும் என்று ஸர் ஆர்தர் காட்டன் 1860ஆம் வருஷத்திலேயே யோசனை கூறியிருந்தார். எண்பத்தைந்து வருஷம் காகிதத்திலேயே கிடந்த அந்த யோசனை, யுத்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கையில், 1945 பிப்ரவரி 28ஆம் தேதி, ஒரு கரையில் சென்னை மாகாணமும் மறுகரையில் ஹைதராபாத் சமஸ்தானமுமாக அஸ்திவாரக் கல் நாட்டியபோதுதான் உயிர் பெற்றது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனதும், வங்காளத்தில் மறுவருஷமே ஜனங்கள் பட்டினியால் மாண்டதும், சோற்றைப் பற்றிய பயத்தை எல்லாருடைய மனத்திலும் ஊன்றியிருந்த காலம் அது. அணை கட்டுவது தர்மகாரியம் என்பதில் அப்பாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இன்று வரையில் இல்லை.

எழும்பூர் வரையில் ஒரு ரயில், சென்ட்ரலிலிருந்து பம்பாய் மார்க்கத்தில் குண்டக்கல் வரையில் வேறொரு ரயில், குண்டக்கல்லில் நடுநிசியில் இறங்கிச் சாமான்களின்மேல் உட்கார்ந்து தூங்கி, விடிந்ததும் மறுபடி ஒரு சின்ன ரயில். கண் விழித்துப் பார்த்தால் வெளியே மரமில்லை, வாய்க்காலில்லை. கரிசல் மண்ணும், யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு மறந்துபோனது போன்ற கற்குன்றுகளும்தான் தெரிந்தன. அது அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஜில்லாதான். தஞ்சாவூருக்கும் அதற்கும் ஒரே சர்க்கார், ஒரே கவர்னர். ஆயினும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேறொரு பூகோளமாகவே இருந்தது.

அணைக்கட்டு வேலைக்காரர்களின் காம்பில் எங்களுக்குக் கிடைத்தது தகரக் கூரை வேய்ந்த ஒரு வரிசை வீடு. அந்த அணை சுண்ணாம்பும் சுட்ட களிமண் தூளும் சேர்த்து அரைத்த சுர்க்கிக் காரையால் கட்டப்பட்டது. அந்தத் தூள் காற்றில் கலந்து, தயிரின் ஆடைமேலும், உலர்த்திய வேட்டியின்மேலும், தூங்கி எழுந்தால் என் இமைகளின்மேலும் மெல்லிய செந்நிறமாகப் படிந்திருக்கும். அம்மா நாளுக்கு மூன்று முறை பெருக்குவாள். ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிக்க ஒப்பமாட்டாள். பின்கட்டில் இரண்டு முழம் மண் இருந்தும் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட மாட்டாள். கன்று மரமாகிறபோது நாம் இங்கே இருக்கப்போகிறோமா என்பது அவளுடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

இரண்டு வருஷம் என்பதை அவள் கணக்கிட்ட விதம் வேறு, எனக்கு அது அமைந்த விதம் வேறு. முப்பது வயதானவளுக்கு இரண்டு வருஷம் என்பது கடந்த ஆயுளில் பதினைந்தில் ஒரு பங்கு. எட்டு வயதுப் பையனுக்கோ அது நான்கில் ஒரு பங்கு. அவனுக்கு ஞாபகமே இல்லாத முதல் மூன்று வருஷங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அவன் அறிந்து வாழ்ந்த காலத்தில் ஏறக்குறையப் பாதி. ‘தற்காலிகம்’ என்ற பதத்தைப் பெரியவர்கள் குழந்தைக்கு ஆறுதலாகச் சொல்லுகிறார்கள். அந்த ஆறுதல் குழந்தையின் மனத்தில் தங்குவதில்லை. ஏனெனில், ஒரு காலத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த காலத்தில் வாழத் தொடங்குவது என்ற வித்தை அதற்கு இன்னும் பழகவில்லை. இன்று மாலை விளையாட யாருமில்லை என்றால், அதற்கு உலகத்திலேயே யாருமில்லை.

எனக்கு முதல் ஒரு மாதம் யாருமில்லைதான். பள்ளிக்கூடத்தில் கன்னடம், வாய் திறக்காமல் போய்த் திறக்காமலே வருவேன். அந்த மௌனம் உடைந்த கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். காலையில் பால் கொண்டு வருகிற அம்மாள் வாசலில் நின்று “ஹாலு” என்று குரல் கொடுப்பாள். அது அவளுடைய பெயர் என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். பிறகு ஒருநாள் பள்ளியில் எண்ணிக்கை சொல்லும்போது பத்துக்கு ‘ஹத்து’ என்றார்கள். கடைத்தெருவில் பூக்காரி ‘ஹூவு’ என்று கூவினாள். என் மனத்தில் ஏதோ ஒரு தாழ்ப்பாள் அசைந்தது. அடுத்த சில நாளில், காம்புக்குப் பின்னாலிருந்த கற்களின் இடுக்கில் ஒரு பையன் “ஹாவு! ஹாவு!” என்று கத்தியபோது, யாரும் மொழிபெயர்க்காமல் நான் துள்ளி விலகினேன். பால், பத்து, பூ, பாம்பு. நம்முடைய பகரம் அந்த மண்ணில் ஹகரமாகி நடமாடிக்கொண்டிருந்ததை எனக்கு நானே கண்டுபிடித்துவிட்ட அந்தக் கணத்தின் ஆனந்தத்தை, பிற்காலத்தில் எந்தப் பரீட்சையும் எனக்குக் கொடுத்ததில்லை. உடனே அகப்பட்ட சொற்களையெல்லாம் மாற்றத் தொடங்கினேன். பாட்டை ‘ஹாடு’ என்று ஊகித்தேன், சரியாக இருந்தது. பானையை ‘ஹானை’ என்றேன். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அதற்கு ‘மடிகெ’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிரித்த அன்றே அவர்கள் என் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

நாங்கள் வந்த மூன்றாம் மாதம் ஆற்றுப் பக்கம் போகக் கூடாதென்று குழந்தைகளுக்குத் தடை போட்டார்கள். எதிர்க்கரை அப்போது இந்தியாவோடு சேராத நிஜாமின் ராஜ்யம். அங்கே சார்மினார் பொறித்த வேறு ரூபாய். நிஜாமின் பக்கம் நின்ற ஆயுதக் கூட்டமான ரஜாக்கர்களைப் பற்றிய செய்திகள் தினமும் வந்தன. செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படை சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி எல்லாம் முடிந்தது. அந்த ஐந்து நாளும் அம்மா பூட்டிய பெட்டியை வாசற்படி அருகே இழுத்து வைத்திருந்தாள். பெட்டியைத் திறக்காததற்காக நான் அவளைக் குறை சொல்லத் துணியாததற்கு அந்த ஐந்து நாளும் ஒரு காரணம்.

பால்காரம்மாளுக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான். அவர்களுடைய கிராமம் ஆற்றின் மேல்பக்கம் இரண்டு மைலில், அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கப்போகும் எல்லைக்குள் இருந்தது. அப்படி ஏறத்தாழ 90 ஊர்கள். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். நாராயணதேவரகெரெ போன்ற பெரிய ஊரும் அவற்றுள் ஒன்று. அவ்வூரார் பிற்பாடு மரியம்மனஹள்ளியில் குடியேறினார்கள். எட்டு வயதில் எனக்கு இந்தக் கணக்கொன்றும் தெரியாது. பால்காரம்மாள் வீட்டு வெளிச்சுவரில் கறுப்புத் தாரால் ஒரு பெரிய எண் எழுதியிருந்ததும், எண்ணுக்குக் கீழே வாசலில் தினமும் புதுக் கோலம் இருந்ததும்தான் தெரியும்.

1949ஆம் வருஷம் யுகாதிக்கு இரண்டு நாள் முன்பு, பால் கணக்குத் தீர்க்க அம்மா என்னை அழைத்துக்கொண்டு அங்கே போனாள். பால்காரம்மாள் தரை மெழுகிக்கொண்டிருந்தாள். சாணிக் கரைசலில் கையை நனைத்து, விரல்களை விரித்து, தோளிலிருந்து ஒரே வீச்சில் அரைவட்டமாக இழுப்பாள். ஒரு பிறை முடியும் இடத்தில் அடுத்த பிறை தொடங்கும். மூலையிலிருந்து வாசல் வரையில் பிறைகள் வரிசையாகப் பளபளவென்று ஈரத்தோடு வந்துகொண்டிருந்தன. அம்மா வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு, அதற்குள் பழகியிருந்த அரைகுறைக் கன்னடத்தில், முழுகப்போகிற வீட்டுக்கு எதற்கு இத்தனை சிரத்தை என்று கேட்டுவிட்டாள். கேட்ட மறுகணமே நாவைக் கடித்துக்கொண்டாள். பால்காரம்மாள் முகத்தில் துக்கமோ கோபமோ தோன்றவில்லை. இதுகூடத் தெரியாதா என்ற வியப்புத்தான் இருந்தது. மெழுகாவிட்டால் தரை வெடிக்கும், வெடிப்பில் சேளு வரும் என்றாள். “சேளு பருத்தம்மா, சேளு!” என்று, அம்மாவுக்குப் புரிவதற்காக ஆள்காட்டி விரலைக் கொடுக்குப் போல வளைத்துக் காட்டினாள். தேள்.

அன்று இரவு அப்பாவிடம் அம்மா இதைச் சொன்னபோது, அவர் கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். அவர் முதன்முதலில் உத்தியோகத்தில் சேர்ந்தது மேட்டூர் அணைக்கட்டு வேலையில். 1934இல் அது முடிந்தபோது அவர் அங்கே இருந்தார். “அங்கேயும் இப்படித்தான். எத்தனையோ ஊரு உள்ளே போச்சு. பண்ணவாடியில கோயிலே முழுகுச்சு. தண்ணி இறங்கினா நந்தி வெளியில தெரியும்” என்றார். எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர் மேட்டூர்த் தண்ணீர். ஆடிப் பெருக்குக்குப் பூவும் மஞ்சளும் விட்டு நாங்கள் கும்பிட்ட வாய்க்கால், எவளோ ஒருத்தி மெழுகிய தரையின்மேல் நின்றுவிட்டு வந்தது. “இத்தனை வருஷமாச் சொல்லவே இல்லையே” என்றாள் அம்மா. “நீ கேக்கலையே” என்றார் அப்பா.

மறுவாரம் அம்மா பின்கட்டு மண்ணைக் கொத்திக் கொத்துமல்லி விதை தூவினாள். கொத்துமல்லிக்கு நாற்பது நாள் போதும். பெட்டியை அவள் அப்போதும் திறக்கவில்லை.

நான் பெரியவனாகி, என் பங்குக்கு நாலைந்து ஊர்களில் உத்தியோகம் பார்த்தபோது, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வீடு கட்டியபின் பார்த்துக்கொள்ளலாம், பையன் படிப்பு முடியட்டும் என்று, பூட்டிய பெட்டியோடு ஆயுளைக் கழிப்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமே உண்டாகும். ஆனால் அம்மாவை அவர்களோடு சேர்க்க என் மனம் இசைவதில்லை. அந்தப் பெட்டிக்குள் அவள் கிராமத்தை வைத்திருந்தாள். வாரந்தோறும் ஊரிலிருந்த அப்பாயிக்குக் கடிதம் எழுதச் சொல்லி, நான் தமிழெழுத்தை மறக்காமல் பார்த்துக்கொண்டவளும் அவளே. இரண்டு ஊரில் ஒரே சமயத்தில் வாழ எல்லாராலும் முடியாது. குழந்தைகளால் முடிகிறது, அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையை யாரும் கேட்பதில்லை. என்னிடம் இரண்டு வருஷத்தில் ஒருமுறையேனும், “இங்கே உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டிருந்தால், முதல் மாதம் அழுதிருப்பேன், இரண்டாம் வருஷம் போகவேண்டாம் என்றிருப்பேன். கேட்காததற்குக் காரணம் அன்பின்மையன்று. இரண்டு வருஷந்தானே என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருந்தார்கள்.

1950 மே மாதம் திரும்பினோம். பால்காரம்மாளின் மகன் ரயிலடிக்கு வரவில்லை. முதல்நாள் மாலை வந்து, தன்னிடமிருந்த சார்மினார் காசு ஒன்றை என் கையில் அழுத்திவிட்டு ஓடிவிட்டான். ஊருக்கு வந்த மறுநாள் காலை, அப்பாயியிடம் என்னையறியாமல் ‘ஹாலு’ கேட்டேன். வீடே சிரித்தது. ஹொஸபேட்டையில் பானைக்குச் சிரித்த சிரிப்பில் நான் உள்ளே சேர்ந்தேன். இந்தச் சிரிப்பில் ஏனோ வெளியே நின்றேன். பெட்டியை அன்றே அம்மா திறந்தாள். குத்துவிளக்கு இரண்டும் களிம்பேறியிருந்தன. எத்தனை இறுக்கிப் பூட்டியும், போட்டோப் படத்தின் கண்ணாடிமேல் அந்தச் செந்நிறத் தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். உடனே துடைக்கவில்லை.

1953 ஜூலை முதல் தேதி துங்கபத்திரைத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் ஹொஸபேட்டையே சென்னையை விட்டுப் பிரிந்து மைசூரோடு சேர்ந்தது. தண்ணீர் திறந்த செய்தியைத் திண்ணையில் உட்கார்ந்து அப்பா உரக்கப் படித்தார். எத்தனை லட்சம் ஏக்கர், எந்தெந்த ஜில்லா என்று அவர் குரலில் பெருமிதம் ஏறிக்கொண்டே போயிற்று. அம்மா கூடத்தை மெழுகிக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கும் வரையில் பொறுத்திருந்து, கையைச் சாணிக் கரைசலிலிருந்து எடுக்காமலே, “அவளுக்குக் கொடுத்த வீட்டிலே மண் தரையா, என்ன தரைன்னு ஏதாவது போட்டிருக்கா?” என்று கேட்டாள்.

அப்பா முதல் வரியிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினார்.