எல் சால்வதோர் கண்ட அமெரிக்கா

வல்லரசை உலகம் வெறுக்கிறதா, விரும்புகிறதா என்று கேட்கிறோம். எல் சால்வதோர் மக்களிடம் இக்கேள்வி எடுபடாது.

தம் நாட்டு அரசுக்குப் படை உதவி அனுப்ப வேண்டாமென, 1980 பிப்ரவரியில் பேராயர் ரொமேரோ அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டருக்கு மடல் வரைந்தார். உதவி நிற்கவில்லை. மார்ச் 24 அன்று திருப்பலி வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று தேசியக் காவற்படையினர் கொன்ற பெண்கள் நால்வரோ அமெரிக்கர்கள்! மூவர் அருட்சகோதரியர், ஒருவர் பொதுநிலையினர். அதன்பின் நிறுத்தப்பட்ட உதவி, சில வாரங்களிலேயே மீண்டும் தொடங்கியது. ஆயுதம் தந்த நாடே, ஏழைகளுக்காக மடிந்தோரையும் தந்தது.

1992 வரை நீடித்த போரில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர். உயிர் தப்ப ஓடியவர்களுள் பெருந்தொகையினர் அடைக்கலம் தேடியதும் அமெரிக்காவில்தான். 2001 முதல் எல் சால்வதோரில் டாலரே புழங்குகிறது.

இதை இரட்டை வேடம் என்பாரும் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. போரில் ஒரு மகனை இழந்த தாய், லாஸ் ஏஞ்சல்சிலிருந்து மற்றொரு மகன் அனுப்பும் பணத்தில் உலை வைக்கிறாள் என்றால், அவள் எதை மறக்க வேண்டும் என்று கேட்போம்? மறதியைக் கேட்பது பெரும்பாலும் வலியவர்தாமே.

கொலையுண்டோருள் மேரிநோல் சபைச் சகோதரியர் இருவர் அம்மண்ணிலேயே, சலாத்தெனாங்கோவில், அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.