எந்த ஊரில் படிப்பது?

எங்க தெருப் பெண் ஒருத்தி பொது சுகாதாரத்தில் முதுநிலை படிக்கப் போகிறாள். திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். 'கிட்ட இருக்கிற ஊரே போதும். படிச்சிட்டு சேரிக்கே வந்துடணும்' என்கிறார்கள் தோழர்கள். ஊர்த்தெருப் பிள்ளை அமெரிக்கா போனால் முன்னேற்றம், நம்ம பிள்ளை தில்லி போனால் துரோகமா?

1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா போனார் அம்பேத்கர். திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்துக்கு உழைக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் வந்தார். தங்க வீடு கிடைக்கவில்லை. கடமையைக் கேட்ட ஊர் கூரையைத் தரவில்லை.

ஆகவே தரவரிசை பார்த்து ஊரைத் தேர்வது நமக்குக் கட்டுப்படியாகாது. விடுதி உண்டா? உதவித்தொகை வருகிறவரை கட்டணத்துக்குப் பொறுப்பார்களா? டாடா நிறுவனத்தில் 2018இல் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துப் போராடியது தலித், பழங்குடி மாணவர்களின் கட்டண விலக்குக்காகத்தான்.

அப்புறம், அவள் கேள்விக்கு அங்கே இடமிருக்கா? மலக்குழியில் செத்தவனுக்கு 'மூச்சுத்திணறல்' என்று எழுதி மூடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருக்கிற சாதியையும் காரணமாக எழுத விடுகிற வகுப்பறை எங்கே இருக்கிறதோ, அதுதான் அவளுக்கான ஊர்.

திரும்பி வருவதை அவளே முடிவு செய்யட்டும். சேரிக்கு அவள் கடன்பட்டிருக்கிறாள் என்று பேசுகிற நாம், முதல் பருவக் கட்டணத்தைத் திரட்டிக் கொடுத்துவிட்டுப் பேசுவோம்.