எந்த ஆண்டின் பெட்டி?

பினாங்குக் கடற்கரையிலுள்ள மணிக்கூண்டுக் கட்டடம் 1907-ல் புகைவண்டி நிலையமாகக் கட்டப்பட்டதென்று கேட்கும் புதியோர் வியப்படைவர். தண்டவாளம் வாராத கரையில் நிலையம் எதற்கு? இங்கே டிக்கட் வாங்கியோர் படகேறி, அக்கரையிலுள்ள பிறையில் வண்டி பிடித்தனர். இத்தகைய ஊரில் நம் நண்பரொருவர் தம் மாடியறையிலே புகைவண்டிப் பெட்டிகள் கட்டுகின்றார்.

அவை கடைப் பொம்மைகளல்ல. மலாயா இருப்புப்பாதையின் அகலம் ஒரு மீட்டர். அதனை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்தால் ஏறக்குறைய 45 மில்லிமீட்டராகும். வீட்டுப் பூந்தோட்டத்தில் ஓடும் பெரிய விளையாட்டு ரயில்களை ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துக் கம்பெனியொன்று 1968-ல் இவ்வளவிலேயே வெளியிட்டது. ஆதலின் சக்கரமும் தண்டவாளமும் விலைக்குக் கிட்டும். நம் நாட்டுப் பெட்டியையோ கையாலேதான் செய்ய வேண்டும். பித்தளைத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, பின்புறம் ஊசியால் அழுத்தி ஒவ்வோர் ஆணித் தலையையும் எழுப்புகின்றார். ஓராணி அரை மில்லிமீட்டர் விலகினும் அத்தகட்டை எறிந்துவிட்டு வேறொன்று எடுப்பார்.

இதனால் யாது பயன் என்று அவர் வீட்டாரே கேட்பதுண்டு. பேனா பிடித்தவன் அரம் பிடித்தால் மதிப்புக் குறையுமென்று எண்ணும் நம் சமூகத்தில், ஒரு கணக்கர் கைவிரலைக் காயப்படுத்திக்கொள்வதே ஒரு பயன்தான் என்போம் நாம். நமக்கு எழுந்த ஐயம் வேறு.

சென்ற மாதம் அவர் இரும்பாலான மூடு சரக்குப் பெட்டியொன்றை முடித்துக் காட்டினார். நகரும் கதவு, புது வர்ணம். இது எந்த ஆண்டின் பெட்டி என்று வினவினோம். "1938. போருக்கு முன் வர்ணம் நன்றாயிருந்தது" என்றார்.

1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர்ப் பாதை போடுவித்தனர். அதுவும் மீட்டர் அகலமே. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பெயர்த்துத் தண்டவாளங்களை அங்கே கொண்டுபோயினர். சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகள், பெட்டிக்குச் சுமார் 30 பேராக, நாட்கணக்கில் இத்தகைய மூடு பெட்டிகளில் சென்றனர். நம் தோட்டத்துத் தமிழரும் ஆயிரமாயிரமாய்ச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர்.

நண்பரின் மேசைமேலேயே கணக்கிட்டோம். 18 அடி நீளமும் 8 அடி அகலமுமுள்ள பெட்டி, அவர் அளவில் பத்தங்குல நீளத்திற்குள் அடங்கும்; ஐந்தரை அடி மனிதன் மூன்றங்குலம். முப்பது பேரைக் காகிதத்தில் வரைந்து படுக்கவைத்துப் பார்த்தோம். பாதிப் பேருக்கே இடமிருந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் கட்டியது பெட்டி. அரிசியும் ரப்பரும் ஏற்றியதும் மெய்தானே? 1943-க்காக 1938-ஐப் பொய்யென்பீர்களோ?" என்றார். இதில் நியாயமுண்டு. அப்பாதையின் சம்பளத்தில் படித்து உயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. மேலும், பெட்டிக்குள் வாடிய பொம்மைகளை அடைத்து வைப்பது துன்பத்தை விளையாட்டாக்குவதாகும். அதனை நாம் ஒருபோதும் வேண்டோம். ஆயினும் அரை மில்லிமீட்டருக்கு அஞ்சுகிறவர், ஆண்டைமட்டும் வர்ணத்தின் அழகு பார்த்துத் தேர்ந்தது சரியா? ஆணிக்குக் காட்டிய நேர்மையை அதில் ஏறியோர்க்கும் காட்டக் கடமைப்பட்டவரென்பதே நமது அபிப்பிராயம். அவர் இன்னும் முழுதும் உடன்படவில்லை.

இப்போது இரண்டாவது பெட்டி தொடங்கியிருக்கின்றார். துருவேறியது, ஆண்டு 1943. ஓரிடத்தில் வேலை நின்றிருக்கிறது. நம்மவரை ஏற்றிச் சென்றபோது கதவு திறந்திருந்ததா, அடைத்திருந்ததா? வரைபடம் அதைச் சொல்லாது. சயாமுக்குச் சென்று மீண்ட தந்தையர் வாயால் கேட்டறிந்த அன்பர்கள் தோட்டங்களில் இருப்பின், நமக்கு எழுதியனுப்பக் கோருகின்றோம்.