மாக்கோழியும் மண் விலங்கும்



யசோதர காவியத்தின் கதையை அறியாத சமண இல்லம் அரிது. தீக்கனாவின் தீமை நீங்கச் சண்டமாரிக்கு உயிர்ப்பலி தருக எனத் தாய் சந்திரமதி வற்புறுத்தினாள். உயிர்க்கொலைக்கு உடன்படாத யசோதரன் மாவினாற் செய்த கோழி ஒன்றை வாளால் வெட்டினான். உயிர் ஒன்றும் மாளவில்லை. எனினும் தாயும் மகனும் மயிலும் நாயுமாய், மீனும் முதலையுமாய், ஆடாய், கோழியாய்ப் பிறந்து பிறந்து மாண்டனர். மாவை வெட்டியதற்கு இத்துணைத் துன்பமா என்று நம் இளைஞர் வினவுகின்றனர். வினவத்தக்கதே.

பலியைப் பற்றிய மன உறுத்தல் பண்டைக் கிரேக்கருக்கும் இருந்தது. ஏதென்ஸ் நகரில் ஜீயஸ் தெய்வத்துக்கு எருதுக்கொலை விழா ஒன்று நிகழ்ந்தது. பீடத்தில் வைத்த தானியத்தை எருது உண்டதும் அதனைக் கோடரியால் அடிப்பவன், கோடரியை எறிந்துவிட்டு ஓடிவிடுவான். பின்னர் வழக்கு நடக்கும். தீட்டுவதற்கு நீர் கொணர்ந்த மகளிர் தீட்டியவரைச் சுட்டுவர். தீட்டியவர் எடுத்துக் கொடுத்தவரைச் சுட்டுவர். அவர் அறுத்தவரைச் சுட்டுவார். அறுத்தவர் கத்தியைச் சுட்டுவார். வாயற்ற கத்தியே குற்றவாளியாகிக் கடலில் எறியப்படும்! எருதின் தோலில் வைக்கோல் அடைத்து ஏரில் பூட்டி நிறுத்துவர். புலால் மறுத்தலுக்கென்றே கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் நூல் யாத்த போர்பிரி இச்செய்தியைக் காத்துத் தந்துள்ளார். கொலை மறுத்த எம்பிடாக்ளிஸ் என்னும் ஞானி, மாவும் தேனும் கொண்டு எருது செய்து பலியிட்டார் என்றும் ஒரு பழங்குறிப்பு உண்டு.

அவர்கள் மாவெருதோடு அமைந்தனர். நம் ஆசிரியரோ மாக்கோழியையும் விட்டாரில்லை. ஆயின் நீலகேசியில் வேறொன்று காண்கிறோம். காளிக்கு விலங்குகளைப் பலியிட வந்தோரிடம் முனிச்சந்திரர், மண்ணாற் செய்த விலங்குருவங்களை வைத்துச் செல்லுமாறு கூறினார். மாக்கோழி தீது, மண் விலங்கு நன்றா?

முரண் இல்லை என்பதே நம் கருத்து. யசோதரன் கோழியை வெட்டுவதற்காகச் செய்வித்தான். வாளை ஓங்கியபோது அவன் நெஞ்சில் கொலை நிகழ்ந்துவிட்டது. முனிவர் காட்டிய மண் விலங்கோ வெட்டப்படாதது. உயிருள்ள விலங்கை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்காக வைக்கப்பட்டது. ஒன்றில் கொலையெண்ணம் வளர்ந்தது, மற்றொன்றில் அகன்றது. கோவில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க நம் மாநிலத்தில் 1950-இல் சட்டம் இயற்றினர். 2003-இல் அதனைக் கடுமையாகச் செயற்படுத்த முனைந்தனர். 2004-இல் நீக்கியும் விட்டனர். நம் நூல்கள் கூறும் எண்ணத்தைப் பற்றி அச்சட்டம் என்ன செய்திருக்க இயலும்?

நம் பக்கமும் சற்றுத் திரும்புவோம். புதுக்கடை திறக்கையில் பூசணிக்காயில் குங்குமம் நிரப்பித் தெருவில் உடைக்கிறோமே, அச்சிவப்பு எதன் நிறம்? சிராவகர் இல்லத்துக்கு அது வேண்டுவதன்று.

கி.பி. 959-இல் யசோதரன் கதையை வடமொழியில் விரித்த சோமதேவ சூரி, கொல்லும் எண்ணத்தை விளக்க உழவனையும் மீனவனையும் ஒப்பிடுகிறார். உழுகையில் உயிர்கள் மடியினும் உழவன் கருத்து கொலையன்று. வலையில் மீன் படாத நாளிலும் வலைஞன் கருத்து மீனின் மேலதே என்பார். இதனைக் கொண்டு, பழவேற்காடு ஏரியில் பசியாவரம் முதலிய ஊர்களில் வலைவீசி வாழும் மக்களைக் கீழாகப் பேசுவோர் நம்மிடையே உளர். உவர்நீரில் இறாலும் மடவையும் தேடிப் பிள்ளைகளைக் காப்போர் அவர்கள். இகழ்ச்சியும் மனத்தாற் செய்யும் இம்சையே அன்றோ?

அதே சோமதேவர் அகிம்சை விரதத்துக்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தவனும் ஒரு மீனவனே. மிருகசேனன் என்பது அவன் பெயர். தொழிலை விடுக என்று முனிவர் கூறவில்லை. வலையில் முதலில் படும் மீனை மட்டும் விடுக என்றார். அவன் முதல் மீனுக்கு அடையாளம் கட்டி நீரில் விட்டான். அன்று ஐந்து முறை வலை வீசினான். ஐந்து முறையும் அதே மீன் வந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வந்தவனுக்கு மனைவி கதவைத் திறக்கவில்லை. வெளியே படுத்தவன் அவ்விரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறப்பில் வணிகன் மகனான அவன், ஐந்து முறை கொலையினின்று தப்பினான்.