அருகிலிருக்கும் கைங்கரியம்

பள்ளிப் பிள்ளைகளைத் தொண்டில் ஈடுபடுத்த வேண்டும் என்ற ஆவல் இன்று பல பெற்றோரிடம் காணப்படுகிறது. கூடவே ஒரு மலைப்பும் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளை எதைச் செய்வான்? இரத்த தானத்திற்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969-இல் பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம் 1985-இல் மேல்நிலை வகுப்புகளுக்கும் விரிவடைந்தது. ஆயினும் எல்லாப் பள்ளிகளிலும் அது நடைபெறுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் எந்தக் கதவைத் தட்டுவது?

கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் சாத்துவிகமான தானத்திற்கு இலக்கணம் கூறுகிறார். தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவருக்கு, கைம்மாறு கருதாமல் கொடுப்பது அது. பொருளுக்குச் சொன்னது உழைப்புக்கும் பொருந்தும். மாணவனிடம் பொருள் இல்லை. கைகள் இருக்கின்றன, கண்கள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

பஞ்சாபில் கடும் கோடையில், 1606-இல் உயிர்த்தியாகம் செய்த குரு அர்ஜன் தேவரின் நினைவாகச் சாலையோரங்களில் குளிர்ந்த இனிப்பு நீர் வழங்குவர். அங்கே குவளையை நீட்டி நிற்போரில் பலர் சிறுவர் சிறுமியரே. வருபவர் எந்தச் சமயம் என்று எவரும் கேட்பதில்லை. போர்க்களத்தில் பகைவரின் காயமுற்ற வீரர்களுக்கும் நீர் கொடுத்த பாய் கன்னையாவின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா! 1899-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது சகோதரி நிவேதிதை மாணவர்களையே கூட்டிப் பேசினார். முன்வந்த இளைஞர்களைக் கொண்டு சந்துகளும் சாக்கடைகளும் தூய்மை செய்யப்பட்டன. இவ்விரண்டிலும் தொண்டு நடந்த இடம் தெருவேயன்றித் தொலைதூரம் அன்று.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு தொண்டு, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. பார்வையற்ற மாணவர்கள் தேர்வெழுத, அவர்கள் சொல்வதை எழுதுபவர் ஒருவர் தேவை. தேர்வர் தாமே அழைத்து வரும் எழுதுபவரின் கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைந்திருக்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறின. தேர்வு வாரியத்திற்கு வாரியம் விதிகள் சிறிது வேறுபடலாம். எனினும் கருத்து தெளிவு. பிறருடைய அறிவு தேர்வரின் விடைத்தாளில் கலந்துவிடக் கூடாது. பட்டம் பெற்றவருக்கு மூடிய கதவு இங்கே சிறு பிள்ளைக்குத் திறக்கிறது.

இப்பணியில் ஒரு கடும் சாதனையும் அடங்கியுள்ளது. சொல்பவர் ஒரு கணக்கைத் தவறாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதுபவருக்கு விடை தெரியும், கை துடிக்கும். ஆயினும் சொன்னதையே எழுத வேண்டும். திருத்தினால் அது உதவி அன்று, வஞ்சனை. மூன்று மணி நேரம் தன் அறிவை ஒதுக்கி வைத்துப் பிறருடைய கையாக மட்டும் இருப்பது எளிதன்று. 'நான் கருவி' என்று பெரியோர் பல்லாண்டு முயன்று உணர்வதை இங்கே ஒரு சிறுவன் ஒரு காலைப் பொழுதில் தொட்டுப் பார்க்கிறான். மதிப்பெண் அவனுக்கு வரப்போவதில்லை. விடைத்தாளில் அவன் பெயரும் இராது.

சான்றிதழுக்காகவும் புகைப்படத்திற்காகவும் நடக்கும் சேவை நாட்டில் குறைவில்லை. மருத்துவமனையில் நோயாளி ஒருவருக்கு ஒரே வாழைப்பழத்தைப் பத்துப்பேர் பிடித்துக்கொண்டு கொடுப்பதைப் பலரும் கண்டிருப்பர். பிள்ளை அந்த வழியில் தொடங்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. 'படிப்பு கெடும்' என்று தடுப்பவர்களும் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரத்தால் கெடும் படிப்பு, தொலைக்காட்சியால் எப்போதோ கெட்டிருக்கும்.

தேடும் முறையும் கடினமானதன்று. ஏற்கெனவே பணி செய்பவரிடம் கேட்பதே வழி. நூலகர், அங்கன்வாடிப் பணியாளர், முதியோர் இல்லத்தை நடத்துபவர் ஆகியோருக்கு எங்கே ஆள் குறைகிறது என்பது தெரியும். தெரியாத இடத்திற்குப் பிள்ளை தனியே போகலாகாது; முதல் நாள் பெரியவர் ஒருவர் உடன் செல்லட்டும். பார்வையற்றோர் பள்ளியோ சங்கமோ அருகில் இருந்தால், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெயரைக் கொடுத்து வைக்கலாம். தேர்வுக்கு முன் சில நாட்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்து பழகினால், ஒருவர் சொல்லும் வேகமும் மற்றவர் எழுதும் வேகமும் ஒத்துப்போகும்.