காந்தள் விதையின் விலை

மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏறிச் செங்காந்தள் பூத்து நிற்கும். நமக்கு அது மாநில மலர். பயிரிடுகிறவர்களுக்குக் கண்வலிக் கிழங்கு. அவர்கள் அதை வளர்ப்பது விதைக்காக. அந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் காலை வேளையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகத் தொட்டு, கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். காய் நன்றாகப் பிடிக்க அந்தக் கை வேண்டும்.

செடி முழுவதும் விஷம், விதையும்தான். அந்த விஷத்தின் பெயர் கோல்ச்சிசின். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகத் தங்கி, நடுராத்திரியில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை உரசினாலே துடிக்கவைக்கும் கவுட் நோய்க்கு அதுவே மருந்து. படிகங்களை நோக்கிப் பாயும் வெள்ளை அணுக்களை அது அடக்குகிறது. அமிலத்தைக் குறைப்பது அதன் வேலையல்ல. அதற்கு அலோபூரினாலை வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். அதைத் தொடங்கிய முதல் மாதங்களில் வலி அடிக்கடி திரும்பும் என்பதால், தடுப்புக்காகத் தினமும் கோல்ச்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள்.

அமெரிக்காவில் கோல்ச்சிசின் மாத்திரை தலைமுறைகளாக, முறையான ஒப்புதல் இல்லாமலே, ஒன்று சுமார் 9 சென்ட்டுக்கு விற்றது. 2009இல் ஒரு நிறுவனம் சோதனை நடத்தி ஒப்புதல் வாங்கியது. அந்தச் சோதனையின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வலி வந்ததும் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே 4.8 மில்லிகிராம் அளவுக்குப் பலன் கிடைக்கிறது, வயிற்றுப்போக்கும் வெகுவாகக் குறைகிறது என்று அது காட்டியது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகிய ஒரு பொருளில் இது உயிர் காக்கும் அறிவு.

ஆனால் அதற்குப் பரிசாகக் கிடைத்தது தனியுரிமை. மாத்திரை விலை 5 டாலரை நெருங்கியது. ஒப்புதல் பெறாத மற்ற கோல்ச்சிசின் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து விலக்க 2010இல் அரசு உத்தரவிட்டது. மாத்திரைக்குள் இருந்தது பழைய பொருளேதான். சோதனைக்கான செலவைச் சமூகம் ஏற்றிருக்கலாம். மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டிய நோயாளியின் தலையில் அதைக் கட்டியது அநியாயம்.

இங்கே மூலனூர்ப் பக்கம், விதையைக் காயவைத்துவிட்டு, என்ன விலை சொல்வாரோ என்று வியாபாரிக்காகக் காத்திருக்கிறார்கள். அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.